பரப்பியவர் நோக்கும் பார்த்தவர் நோக்கும்: ஜப்பானியப் பரப்புரையும் லி சியாங்லானின் இரு படங்களும்

முன்னுரை

போர்க்காலப் பரப்புரைத் திரைப்படங்களை ஆராய்வோர் பலர், படைத்தவரின் நோக்கத்தையே படத்தின் பொருளாகக் கொண்டுவிடுகின்றனர். ஆக்கிரமித்தவரின் படம் ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணில் திரையிடப்படும்போது இவ்வணுகுமுறை போதுமானதன்று. லி சியாங்லான் நடித்த இரு படங்களைக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

'சீன இரவு' (1940)

மஞ்சூரியாவில் ஜப்பானிய ஆதிக்கத்தின்கீழ் 1937இல் தொடங்கப்பட்ட மான்எய் திரைப்பட நிறுவனம், அங்கேயே ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த யமாகுச்சி யோஷிகோவை லி சியாங்லான் என்னும் பெயரில் சீன நடிகையாக அறிமுகப்படுத்தியது. விளம்பரத்தின் அடித்தளமே இப்பொய்தான். 'சீன இரவு' படத்தில், போரில் பெற்றோரை இழந்து ஜப்பானியரை வெறுக்கும் பெண்ணாக அவர் வருகிறார். தன்னைக் காத்த ஜப்பானியக் கப்பல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததும் அவளது வெறுப்பு காதலாகிறது. ஜப்பானியருக்கு அவ்வடி அன்பின் வெளிப்பாடாகத் தோன்றலாம். சீனருக்கோ அடிபட்டது ஓர் இழிவு. அடித்தவனையே அவள் காதலித்தது மற்றோர் இழிவு. பிற்காலத்தில் யமாகுச்சியே தம் தன்வரலாற்றில் இதனை எடுத்துரைத்துள்ளார்.

'என்றும் மணக்கும் புகழ்' (1943)

அபினிப் போரையும் லின் செசூவையும் பேசும் இப்படம், ஜப்பானியக் கட்டுப்பாட்டிலிருந்த ஷாங்காயில் சீன இயக்குநர்களால் உருவாக்கப்பட்டது. சீனரின் சினத்தை ஆங்கிலேயர்மீது திருப்புவது ஜப்பானியரின் எதிர்பார்ப்பு. ஆனால், எதிர்க்கப்பட வேண்டிய அன்னியன் யார் என்பதை முடிவுசெய்யும் இடம் அரங்கில் பார்வையாளருக்கு இருந்தது. அன்று ஷாங்காயை ஆண்ட அன்னியர் ஜப்பானியரே. அபினிக் கூடத்தில் மிட்டாய் விற்கும் பெண்ணாக லி பாடிய பாடல் பெரும்புகழ் பெற்றது. எனினும், அரங்கு நிறைந்ததை எதிர்ப்பின் சான்றாகக் கொள்வதும், இணக்கத்தின் சான்றாகக் கொள்வதும் ஒருங்கே பிழையாகும். பாடலுக்காகவே வந்தோரும் இருந்திருக்கலாம்.

நிறைவுரை

போருக்குப்பின் லி, சீனராயிருந்தும் நாட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்னும் குற்றச்சாட்டுக்கு ஷாங்காயில் உள்ளானார். ஜப்பானியக் குடும்பப் பதிவேடு அவரது பிறப்பை மெய்ப்பித்ததால் 1946இல் விடுவிக்கப்பட்டார். இங்கு ஒரு முரண் புலனாகிறது. நடிகையைப் பற்றிய விளம்பரப் பொய் முழுமையாக நம்பப்பட்டது. அவர் வாயிலாகச் சொல்லப்பட்ட ஜப்பானிய-சீன நல்லுறவுச் செய்தியோ அவ்வாறு ஏற்கப்படவில்லை. ஆகவே, ஒரு படம் எவ்வளவு பரவியது என்பதையும் அது என்னவாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதையும் தனித்தனி வினாக்களாகக் கொள்வதே பரப்புரைத் திரைப்பட ஆய்வுக்கு உரிய நெறியாகும்.