கூட்ஸ் வண்டியின் முதல் பத்து மீட்டர்

அரக்கோணத்திலோ ஜோலார்பேட்டையிலோ உங்கள் ரயில் தாமதமானால், செல்போனை உள்ளே வையுங்கள். பக்கத்து லைனில் சிக்னலுக்காக ஒரு கூட்ஸ் நின்றால் அதையே பாருங்கள். அது நகரும் முதல் பத்து மீட்டரில்தான் எஞ்சினின் சங்கதி இருக்கிறது.

முதலில் எஞ்சின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஏ என்றால் ஏசி மின்சாரம், ஜி என்றால் சரக்கு. டபிள்யூஏஜி-7க்கு 5,000 குதிரைத்திறன், டபிள்யூஏஜி-9க்கு 6,000. பலர் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். குதிரைத்திறன், ஓடும் வண்டியின் வேகத்தைக் காப்பாற்றத்தான். நிற்கும் வண்டியைக் கிளப்ப, சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வ வேண்டும்; அதற்கு எடை வேண்டும். 123 டன் எடையுள்ள ஒன்பதில் வேண்டுமென்றே சுமையேற்றி 135 டன்னாக்கியதுதான் 9எச். குதிரைத்திறனில் மாற்றமில்லை, தொடக்க இழுவிசை மட்டும் 460 கிலோநியூட்டனிலிருந்து 520க்கு ஏறியது. பீகாரின் மதேபுராவில் தயாராகும் டபிள்யூஏஜி-12பி 12,000 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் எடை 180 டன்தான். பலம் இரட்டிப்பு, பிடிப்பு அப்படியில்லை.

இப்போது காதைத் தீட்டுங்கள். சிக்னல் பச்சையானதும் கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இறுகி, 'டங் டங்' என்ற ஓசை கடைசி வேகன்வரை ஓடும். 58 நிலக்கரி வேகன்கள் என்றால் அதுவே ஒரு கச்சேரி. ஏழு, படிப்படியாக மின்னழுத்தம் ஏற்றி உறுமிக்கொண்டு கிளம்பும். ஒன்பது, சுருதி ஏற்றுவதுபோல் இழைந்து பாடும். சக்கரம் வழுக்கினால் முன்னால் உள்ள குழாயிலிருந்து மணல் கொட்டுவதைக் கவனியுங்கள். அடைமழையைவிட முதல் தூறல்தான் மோசம். அழுக்கும் ஈரமும் சேர்ந்து தண்டவாளம் வழவழத்துவிடும்.

நம்பகத்தன்மையும் இங்கேதான் பிரிகிறது. ஏழின் டிசி மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டு. உரசித் தேயும், பொறி பறக்கும். ஏற்றத்தில் ஊர்ந்தால் மோட்டார் கொதிக்கும். ஒன்பதின் மூன்று ஃபேஸ் மோட்டாரில் பிரஷ்ஷே கிடையாது. அதுமட்டுமல்ல, பிரேக் போடும்போது கம்பிக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ஏழின் உறுமல் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் தூறல் நாளில், ஏற்றத்தில், நிலக்கரி வேகன்களோடு நின்றுவிட்ட வண்டியைக் கிளப்ப வேண்டுமென்றால் என் ஓட்டு 9எச்சுக்கே.