கணினி விளையாட்டின் காட்சியுருவும் மலையகமும்: இயற்பண்பு, மோடிமை, யதார்த்தம்

கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதுவோரிடையே நெடுநாளாக நிலவிவரும் விவாதம் ஒன்றுண்டு. காட்சியுருக்கள் நிழற்படத்தை ஒத்த துல்லியத்துடன் அமைதல் வேண்டுமா, அன்றி ஓவியத் தன்மையுடன் மோடிப்படுத்தப்பட்டு அமைதல் வேண்டுமா என்பதே அது. இஃது இளைஞரின் பொழுதுபோக்கைச் சார்ந்தது, ஆய்வுக்குரியதன்று என ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சரச்சந்திரவின் 'மனமே' 1956இல் மேடையேறியதும், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' முதலான கூத்துகளை மீளுருவாக்கியதும் எழுப்பிய வினாக்களையே இவ்விவாதமும் புதிய கருவியொன்றின் முன்னால் எழுப்புகின்றது.

முதலில் சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். விளையாட்டுத் துறையினர் 'யதார்த்தம்' என்று போற்றுவது பெரும்பாலும் இயற்பண்புவாதமே. புறத்தோற்றத்தைப் படியெடுப்பது இயற்பண்புவாதம். அத்தோற்றத்தை ஆக்கிய சமூக உறவுகளை வெளிக்கொணர்வது யதார்த்தவாதம். ஜோர்ஜ் லூகாச் வற்புறுத்திய இவ்வேறுபாடு நம் முற்போக்கு விமர்சன மரபுக்குப் புதியதன்று. இலையின் மேல் நீர்த்துளி எவ்வாறு ஒளிர்கின்றது என்பதைக் கணக்கிடும் இயந்திரம், அவ்விலையைப் பறித்த கையைப் பற்றி எதனையும் கூறியாக வேண்டியதில்லை.

2017இல் நோட்டி டோக் நிறுவனம் வெளியிட்ட 'அன்சார்ட்டட்: த லொஸ்ட் லெகசி' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் களம் மேற்குத் தொடர்ச்சி மலை. அருவியும் சேறும் பாசி படர்ந்த கல்லும் வியக்கத்தக்க நுட்பத்துடன் தீட்டப்பட்டுள்ளன. ஆயினும் அம்மலையில் நாம் சந்திப்பன ஒய்சாளர் காலத்தனவாகக் கற்பிக்கப்பட்ட இடிபாடுகளும் ஆயுதந்தாங்கிய எதிரிகளுமே. அங்கே வாழ்ந்து உழைக்கும் மக்களைத் தேடித்தான் காண வேண்டும். வால்பாறையும் நீலகிரியும் அதே மலைத்தொடரைச் சேர்ந்தவை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம் மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்டோரிற் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலேதான் குடியமர்த்தப்பட்டனர். பாசியின் நிறத்தில் தவறாத படைப்பொன்று, மலையின் மனிதரிடத்துத் தவறிவிட்டது.

இனி நம் மலைக்கு வருவோம். ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் வீதியின் இருமருங்கும் காணும் பச்சைச் சரிவுகள், இத்தகைய இயந்திரத்துக்கு மிக எளிதான வேலை. ஒரு செடியைச் செம்மையாக அமைத்துவிட்டால் போதும். அதையே பல்லாயிரம் தடவை படியெடுத்து மலை முழுவதும் நட்டுவிடலாம். தோட்டத் துரைமாரும் ஒருவகையில் இதனையே செய்தனர் என்பது வேறு கதை. தேயிலை இயல்பில் செடியன்று, மரம். வெட்டாது விட்டால் ஆள் உயரத்தைப் பலமடங்கு கடந்து வளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியும், அதற்கிடையே ஏறத்தாழ வாரந்தோறும் கொழுந்து பறிக்கும் விரல்களும் சேர்ந்தே அதனை இடுப்பளவில் நிறுத்தி வைத்துள்ளன. ஆகவே உல்லாசப் பயணி 'இயற்கை அழகு' என்று வியக்கும் அந்தச் சமதளப் பச்சை, உழைப்பினால் மோடிப்படுத்தப்பட்ட ஒரு தோற்றமேயாகும். அதனைத் துல்லியமாகப் படியெடுத்து 'இயற்கை' எனக் காட்டும் காட்சியுரு, துல்லியத்தின் அளவுக்கே உழைப்பை மறைக்கின்றது. லயன் காம்பராவின் தகரக் கூரையையும் அது துல்லியமாக வரையக்கூடும். அதுவும் மூடுபனிக்கிடையே ஓர் அழகாகிவிடும்.

மாறாக, காமன் கூத்தை நோக்குக. மாசி மாதத்தில் கம்பம் நட்டு, தப்பொலியின் முழக்கத்தில் ஆடப்படும் இக்கூத்தில் புறத்தோற்ற ஒப்புமை எதுவும் நாடப்படுவதில்லை. ரதியாக ஆடுபவர் ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும். சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவதும் ரதி புலம்புவதும் ஆட்டமும் பாட்டும் ஒப்பனையுமாகவே நிகழ்கின்றன. பகலில் கவ்வாத்து வெட்டியவரே இரவில் மதனாகின்றார். பார்ப்போர் அவரை ஒருசேர இருவராகவும் காண்கின்றனர். பறிகொடுத்தவளின் ஓலம், தலைமுறை தலைமுறையாக மண்ணையும் உறவையும் பறிகொடுத்த சமூகமொன்றின் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மோடிமை இங்கே யதார்த்தத்தின் எதிரியன்று; அதன் வாகனம்.

ஆனால் மோடிமை என்றவுடனே மெய்ம்மை வந்துவிடும் என்பதும் பிழை. தேயிலைப் பொதிகளின் மேல் கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்ணும் மோடிப்படுத்தப்பட்ட உருவந்தான். அப்புன்னகைக்குப் பின்னால் அட்டைக்கடியும் இல்லை, அரைப்பேரும் இல்லை.

இவ்விடத்தில் 2023இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து விசை கேம்ஸ் குழுவினர் வெளியிட்ட 'வெண்பா' குறிப்பிடத்தக்கது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. தட்டையான வண்ணங்களால் வரையப்பட்டது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதினை அறிமுகப் படைப்புக்கான பிரிவில் பெற்றது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஆக்கம் உலகமேடை ஏறியது என்ற பெருமிதம் விமர்சனமாகிவிடாது. நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இட்டலித் தட்டுகளை எவ்வொழுங்கில் அடுக்குவது என்பதை ஆடுபவரே கண்டறிய வேண்டும். ஓவியம் எளிமையானது; செயலோ மெய்யானது. தாயின் அறிவு கைநழுவிப் போவதை நம் கைகளே உணருகின்றன. அதன் உலகம் பெரிதும் சமையலறைக்குள் சுருங்கிவிடுகின்றது என்ற குறை நமக்குண்டு. எனினும் விளையாட்டின் யதார்த்தம் வரைவில் மட்டுமன்றி விதியிலும் தங்கியுள்ளது என்பதை அது காட்டிவிட்டது.

மலையகத்தைக் களமாகக் கொண்டு விளையாட்டொன்றை ஆக்க முற்படும் நம் மாணவர்க்கு இது நேரடியாகப் பொருந்தும். தேயிலைத் தூரின் இலைகளை எண்ணி வரைவதற்குச் செலவாகும் உழைப்பை, மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசுக்குச் செலவிடலாம். நாள் முழுதும் ஆடுபவர் பறித்த நிறையில், கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படட்டும். குறித்த அளவு எட்டாதபோது அவர் கணக்கில் அரைப்பேர் விழட்டும். தராசைப் பிடித்திருப்பவரின் முகம் கோட்டோவியமாகவே இருந்தாலும் போதும்.