செவரன்ஸ்: கையெழுத்துப் போட்டது யார்?

ஒரு நீள மேசை. அதன் மேல் ஒரு பெண் கிடக்கிறாள். ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆண் குரல், நீ யார் என்று கேட்கிறது. தெரியவில்லை. எந்த மாநிலத்தில் பிறந்தாய்? தெரியவில்லை. உன் அம்மாவின் கண் என்ன நிறம்? அதுவும் ஞாபகம் இல்லை என்று தெரியும்போது அவள் முகம் மாறுகிறது. குரல் அவளைப் பாராட்டுகிறது: முழு மதிப்பெண்!

ஆப்பிள் டிவி பிளஸில் பிப்ரவரி 18, 2022 அன்று தொடங்கிய ‘செவரன்ஸ்’ இப்படித்தான் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு எபிசோடுகளை ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். டான் எரிக்சன் உருவாக்கிய தொடர். காமெடி நடிகராகவே நமக்குப் பழக்கமான பென் ஸ்டில்லர் இயக்கியிருக்கிறார். லூமன் என்ற நிறுவனம், சம்மதிக்கும் ஊழியர்களின் மூளையில் ஒரு சிப் வைக்கிறது. லிஃப்ட் கீழே இறங்கினால் வெளியுலகம் மறந்துபோகும், மேலே ஏறினால் ஆபீஸ் மறந்துபோகும். ஓர் உடம்பு, இரண்டு ஆள். உள்ளாள், வெளியாள் என்று வைத்துக்கொள்வோம்.

மனைவியை இழந்த மார்க் (ஆடம் ஸ்காட்) காலையில் கார் பார்க்கில் அழுகிறான். கண்ணைத் துடைத்த டிஷ்யூ பாக்கெட்டில் இருக்கிறது. கீழே போன மார்க் அதை எடுத்துப் பார்க்கிறான், ஏன் இருக்கிறது என்று புரியவில்லை, குப்பையில் போடுகிறான். ஒரு வசனம் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, இந்த ஒரு காட்சிக்கே சந்தா கட்டலாம்.

சதிக் கதைகளில் வழக்கமாக அப்பாவி ஒருவன் இருப்பான், எங்கோ நான்கு பெரிய மனிதர்கள் அவனுக்கு எதிராகத் திட்டம் போடுவார்கள். இங்கே ஹெல்லி (பிரிட் லோவர்) படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். அடுத்த நொடி அதே தாழ்வாரத்தில் நிற்கிறாள். மறுபடியும் ஓடுகிறாள், மறுபடியும் உள்ளே. காவலாளி யாரும் பிடித்து இழுக்கவில்லை. திருப்பி அனுப்புவது வெளியே நிற்கும் ஹெல்லிதான். பிறகு ஒரு வீடியோ போடுகிறார்கள். அவள் முகம், அவள் குரல், அவள் சம்மதம்.

எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் குளிர்ந்தது. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். நாள் முழுக்க எண்கள். அந்த சிப் கைப்பேசிக்குப் போகிறதா, ஏவுகணைக்குப் போகிறதா, தெரியாது. கஸ்டமர் பெயர்கூட ஒரு கோட் எண்தான். இரண்டாவது எபிசோடில் ஹெல்லிக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறார்கள்: திரையில் மிதக்கும் எண்களில் பயமூட்டுபவற்றைப் பிடித்துப் பெட்டியில் போட வேண்டும். கூட இருந்து பார்த்த நண்பன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரலை. ஒரு லாட் கெட்டுப்போயிருந்தால், டேட்டாவைத் திறந்ததுமே என் வயிறு சொல்லிவிடும், கணக்குப் பிறகுதான். “என்ன வேலைப்பா செய்றே?” என்று அம்மா கேட்டால் “கம்ப்யூட்டர் வேலைம்மா” என்பேன். முதல் நாள் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கேன்டீனில் சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது என்ற அவசரம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

லூமனின் வெளித்தோற்றமாக வருவது நியூ ஜெர்சி ஹோம்டெலில் ஈரோ சாரினென் வடிவமைத்த பழைய பெல் ஆய்வகக் கட்டடம். நம்ம துறையில் கோயில் மாதிரி பேசப்படும் பெயர். அதைப் போய் இந்தக் கதைக்குப் பிடித்திருக்கிறார்கள்! உள்ளே முடிவில்லாத வெள்ளைத் தாழ்வாரம், பெரிய அறையின் நடுவில் நான்கே மேசைகள். வேலைக்கு இடைவேளை உண்டு, ஆனால் உள்ளாளுக்குத் தூக்கம் கிடையாது. சாயங்காலம் லிஃப்டில் கண் மூடினால், திறக்கும்போது அடுத்த நாள் காலை.

தொடர் சறுக்குவது தரைக்கு மேலேதான். மார்க்கின் சகோதரி வீட்டில் சாப்பாடே இல்லாத விருந்து, அறிவுஜீவிகளைச் சுலபமாகக் கிண்டலடிக்கும் காட்சி. வேலையிலிருந்து காணாமல்போன பீட்டி ரகசியம் சொல்ல வருவதும், பக்கத்து வீட்டு அம்மாவே ஆபீஸ் மேலதிகாரியாக இருப்பதும் பார்த்துப் பழகிய சதிக் கதைதான். ஈகன் என்ற நிறுவனரை ஏன் சாமி மாதிரி கும்பிடுகிறார்கள், அந்த எண்கள் என்ன என்று புதிர்களை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ‘லாஸ்ட்’ ஆறு சீசன் பார்த்து நொந்தவர்களுக்கு இந்த பயம் புரியும்.

முதல் சீசனில் இன்னும் ஏழு எபிசோடுகள் பாக்கி, 2022-இல் வெள்ளிக்கு ஒன்றாக வந்தவை. எண்களின் அர்த்தம் கடைசிவரை தெரியாமல் போனாலும் எனக்குப் பரவாயில்லை. வெளியே இருக்கும் அந்த ஹெல்லி யார், எதற்காகக் கையெழுத்துப் போட்டாள் என்பதை மட்டும் மழுப்பாமல் காட்டினால் போதும்.