காலடியில் கிடந்த நாணயம்

விக்தோர் யூகோவின் ‘லே மிசராப்ள்’ நாவலைப் பற்றிப் பேச்செழுந்தால் நம்மில் பெரும்பாலோர் உள்ளத்தில் முதலில் ஒளிர்வன இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளே. கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த நூலைப் படித்தவர்களும், 1950-இல் அதே பெயரில் நாகையா நடித்து வந்த திரைப்படத்தைக் கண்டவர்களும், நார்மன் மெக்கின்னலின் ‘ஆயரின் விளக்குத் தண்டுகள்’ என்னும் ஆங்கில ஓரங்க நாடகத்தைப் பள்ளியில் பாடமாகப் பயின்றவர்களும் அக்காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். திருடியவனுக்கே விளக்குகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய அந்த ஆயரின் பெருந்தன்மை, மதம் கடந்து எல்லோரையும் வணங்க வைப்பது.

ஆனால் அதே நாவலில் ஒரு மனிதனின் காலடியில் மிதிபட்டுக் கிடந்த சிறு நாணயம் ஒன்றும் உண்டு. பாவத்துக்கும் நீதிக்கும் நடுவே நின்று ஒரு கிறிஸ்தவன் எப்படித் தேர்கிறான் என்னும் வினாவுக்கு, விளக்குகளைக் காட்டிலும் அந்த நாணயமே நேரான விடையைத் தருகிறது என்று நாம் கருதுகிறோம்.

கதையைச் சுருங்க நினைவுகூர்வோம். பசித்த குழந்தைகளுக்காக ரொட்டி திருடிய ழான் வல்ழான், தப்பியோட முயன்ற குற்றங்களும் சேர்ந்து, துலோன் சிறையில் 19 ஆண்டுகள் கிடந்து 1815-இல் வெளிவருகிறான். எவரும் இடம் தராத இரவில் ஆயர் மிரியேல் உணவும் படுக்கையும் தருகிறார். அவன் அவருடைய வெள்ளிக் கரண்டிகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்து வந்தபோது, அவை தாம் கொடுத்தவையே என்று சொல்லி, விளக்குத் தண்டுகளையும் கையில் வைத்து அனுப்புகிறார் ஆயர். அப்போது, நேர்மையான மனிதனாவதாக நீ எனக்கு வாக்களித்தாய் என்னும் பொருள்பட அவர் சொல்ல, அப்படி எந்த வாக்கும் அளித்ததாக நினைவில்லாமல் அவன் திகைத்து நிற்கிறான்.

இந்தத் திகைப்பை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். வாக்கு அவனுடையதன்று, அவனுக்காக மற்றொருவர் அளித்தது. அருள் கிடைத்துவிட்டது, தேர்வு இன்னும் நிகழவில்லை. மெக்கின்னலின் நாடகம் இந்த இடத்திலேயே திரையை இறக்கிவிடுகிறது. யூகோவோ இறக்கவில்லை. அதே நாள் மாலை, ஆளற்ற வெளியில், பத்து வயதுச் சிறுவன் ழெர்வே பாடிக்கொண்டே தன் காசுகளைத் தூக்கிப் பிடித்து விளையாடி வருகிறான். 40 சூ நாணயம் ஒன்று உருண்டு வருகிறது. வல்ழான் அதன்மேல் காலை வைக்கிறான். சிறுவன் கெஞ்சுகிறான், அழுகிறான், அந்தக் காலை அசைத்துப் பார்க்கிறான். இறுதியில் அஞ்சி ஓடுகிறான். தன்னுணர்வு திரும்பி, நாணயத்தைக் கண்ட பிறகுதான் வல்ழான் அவன் பெயரைக் கூவிக்கொண்டு அலைகிறான். வழியில் வந்த பாதிரியார் ஒருவரிடம் ஏழைகளுக்கென்று பணத்தைக் கொடுத்து, நான் திருடன், என்னைப் பிடித்துக் கொடுங்கள் என்று கதறுகிறான். பத்தொன்பது ஆண்டுகளில் அவன் முதன்முதலாக அழுதது அந்த மாலையில்தான்.

மன்னிப்பைப் பெற்ற கை, அதன் ஈரம் உலருமுன் ஓர் ஏழைச் சிறுவனின் காசைப் பறித்தது என்பதே யூகோ கண்ட உண்மை. இதனை விளக்கும்போது, திருடியது மனிதனன்று, பழக்கத்தால் காலை வைத்த விலங்கே என்னும் கருத்தில் ஆசிரியர் தம் நாயகனுக்காகச் சற்று வாதாடுகிறார். இங்கே நாம் அவரோடு உடன்படவில்லை. காலை வைத்தது வேறொருவன் என்றால் கண்ணீர் யாருடையது? தீமைக்குத் தூண்டும் நஃப்ஸும், தன்னைத் தானே நிந்தித்துக்கொள்ளும் நஃப்ஸும் ஒரே மனிதனுக்குள் இருப்பவை என்று நாம் கற்றிருக்கிறோம். வாதாடும் யூகோவைவிடக் கதை சொல்லும் யூகோ உண்மைக்கு அருகில் நிற்கிறார்.

இந்நூலைக் கத்தோலிக்கத் திருச்சபை 1864-இல் தடைசெய்த நூல்களின் பட்டியலில் சேர்த்தது. எனினும் இந்தக் காட்சி கிறிஸ்தவ வேதத்துக்கு அந்நியமானதன்று. லூக்காவின் சுவிசேஷத்தில் வரித்தண்டலாளன் சகேயுவின் வரலாறு வருகிறது. அவன் கேளாமலே இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்கிறார். அதன் பின்னரே அவன், தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியவற்றை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் தருவதாக எழுந்து நின்று அறிவிக்கிறான். அருள் முந்துகிறது, கணக்குத் தீர்த்தல் பிந்துகிறது, ஆனால் கணக்கு மறைந்துவிடுவதில்லை.

நம் மார்க்கத்தில் இதனை ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை என்கிறோம். இறைவனுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான். சக மனிதனுக்குச் செய்த குற்றமோ, உரியவனிடம் ஒப்படைக்கப்படும்வரை அல்லது அவன் பொறுத்துக்கொள்ளும்வரை நிற்கும். உரியவன் கிடைக்காவிட்டால் அவன் பேரில் தருமம் செய்க என்பது ஆலிம்கள் பலர் காட்டும் வழி. வியப்பு என்னவெனில், மத்லேன் என்ற பெயரில் தொழிலதிபனாகவும் நகரத் தலைவனாகவும் உயர்ந்த வல்ழான் செய்வதும் இதுவே. புகைபோக்கி துடைக்கும் சிறுவர் எவர் ஊருக்குள் வந்தாலும் அவர்களை வரவழைத்துப் பெயரைக் கேட்டுக் காசு கொடுத்தனுப்புகிறான். ஒவ்வொரு சிறுவனிடமும் அவன் தேடுவது ழெர்வேயைத்தான்.

எனினும் உண்மையான தேர்வு அதன் பின்னரே வருகிறது. வல்ழான் இவனே என்று ஷான்மத்தியே என்னும் அப்பாவியைப் பிடித்து அராஸ் நகர நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். மத்லேன் வாய் திறவாதிருந்தால் அவன் ஆயுள் முழுதும் சிறையில் கிடப்பான். அந்த இரவில் மத்லேனின் உள்ளத்தில் பாவம் பாவத்தின் முகத்தோடு வரவில்லை. நன்மையின் ஆடையணிந்து வருகிறது. நான் போய்விட்டால் இந்த ஊரின் ஆலைகள் என்னாகும்? நோயுற்ற ஃபான்தீனுக்கும் அவள் மகளுக்கும் யார் துணை? ஒரு கிழவனுக்காக ஓர் ஊரையே பட்டினி போடுவதா? இந்த வாதங்களில் ஒன்றும் பொய்யில்லை. அதனால்தான் அவை அபாயமானவை. தீமையை அதன் பெயர் சொல்லித் தேர்பவர் உலகில் மிகச் சிலரே. பொதுநலம் என்று பெயரிட்டுத் தேர்பவரே பலர்.

பழைய அடையாளங்களை அழிக்க அன்றிரவு அவன் தன் கந்தல்களைத் தீயில் இடுகிறான். சாம்பலில் ஏதோ மின்னுகிறது. அது ழெர்வேயின் நாணயம். விளக்குத் தண்டுகளையும் தீயிலிட முற்படும்போதே அவன் பெயரைச் சொல்லி அழைக்கும் குரல் கேட்கிறது. ஒரே அடுப்படியில் அருளும் கடனும் அருகருகே கிடக்கின்றன. ஒன்றை அழித்து மற்றதை வைத்துக்கொள்ள இயலாது என்பதை இதைவிடச் செறிவாக எந்த நாவலாசிரியர் சொல்லிவிட முடியும்?

மறுநாள் அராஸ் செல்லும் வழியில் வண்டிச் சக்கரம் பழுதாகிறது. இனி என் பொறுப்பில்லை, இறைவனே தடுத்தான் என்று அவன் மனம் இலேசாகிறது. அந்நேரம் ஒரு கிழவி, என்னிடம் வண்டி இருக்கிறது என்கிறாள். அவன் நடுங்குகிறான். விதியின்மேல் பழியைப் போட்டு விலக நினைக்கும் நம் எல்லோருடைய நடுக்கமும் அது. இறுதியில் மன்றத்தில் எழுந்து நின்று, தானே வல்ழான் என்று சொல்கிறான். விடுதலை பெற்ற ஷான்மத்தியே ஒன்றும் விளங்காமல், எல்லோருக்கும் பித்துப் பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு போகிறான். நன்றி சொல்லவும் ஆளில்லாத நீதி அது.

காவலதிகாரி ழவேரை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். அவன் அறிந்தது கடன் மட்டுமே; கொடை அவனுக்கு விளங்காது. தன்னைக் கொல்லும் உரிமை பெற்றிருந்த வல்ழான் தன்னை விட்டுவிட்டபோது, அந்தக் கொடையைத் தாங்கமாட்டாமல் 1832-இல் சேன் ஆற்றில் விழுந்து மாய்கிறான். அருளில்லாத கணக்கு மனிதனைக் கொல்லும். ஆனால் கணக்கில்லாத அருள்? அது மனிதனைச் சோம்பலில் ஆழ்த்திவிடும் என்பதைச் சிறுவன் ழெர்வேயின் அழுகை நமக்குச் சொல்கிறது.

வல்ழான் உயிர்விடும் அறையில் ஆயரின் விளக்குகள் எரிகின்றன. நாணயம் அங்கில்லை. ழெர்வே கடைசிவரை கிடைக்கவே இல்லை. இதனைக் கதையின் குறையென்று சிலர் கருதக்கூடும். நாம் அதனை ஆசிரியரின் நேர்மை என்றே மதிக்கிறோம். புனிதனாகவே மறைந்த மனிதனின் கணக்கிலும் தீராத வரி ஒன்று இருக்கிறது. அதைத் தீர்த்து வைப்பது மன்னிக்கும் இறைவனின் செயல். தேடிக்கொண்டே இருப்பது மனிதனின் செயல். விளக்குகளைப் பாடமாக வைத்த நம் பள்ளிகள் ஒருநாள் அந்த நாணயத்தையும் பிள்ளைகளின் கையில் வைத்துக் காட்டட்டும்.