சீலின் உதடு

பத்து காஜாவைத் தாண்டி தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும், ஈயம் தோண்டிய பழைய கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் வாளி வரிசையைத்தான் படம் எடுப்பார்கள். 1938இல் கட்டியது, 4,500 டன் கனம், 1982 வரை சேறு தின்றது. எனக்கோ தண்ணீருக்கடியில், மணலுக்குள்ளேயே சுழன்ற கீழ் உருளையின் பேரிங்குகள்மேல்தான் கண். ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனாலும் எஃகு தேயத் தொடங்கிவிடும்.

அந்த மணலைத் தடுப்பதுதான் சீலின் வேலை. இன்றைய ஆயில் சீல் ஒன்றைக் கையில் எடுங்கள். வெளியே இரும்பு வளையம், உள்ளே கத்தி முனைபோல ஓர் உதடு, அதன் முதுகில் நூல் கனத்தில் ஸ்பிரிங். ஸ்பிரிங் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு நானே ஒருமுறை முழித்திருக்கிறேன். தூசுக்கென்று வெளியே இன்னோர் உதடும் உண்டு. சேற்று வேலைக்கு அதுவும் போதாது. அடுத்தடுத்து உதடுகள் வைத்து நடுவே கிரீஸ் அடைப்பார்கள். புதுக் கிரீஸ் ஏற ஏற, பழையது மணலோடு கறுத்துப் பிதுங்கும். அந்தக் கறுப்பு வளையத்தைச் சுத்தமாகத் துடைக்கிறவனுக்கு மெஷின் தெரியாது. அதுவும் ஒரு சீல்தான்.

வேடிக்கை என்னவென்றால், பால்மரம் சீவியே பிழைத்த இந்த மண்ணில், உதடு மட்டும் நம் மரத்துப் பாலில் செய்ததல்ல. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும், அதனால் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்.

புது சீல் மாட்டுமுன் தண்டில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். பழைய உதடு உரசிய இடத்தில் நகம் இடறினால், சீலை ஓரிழை தள்ளித்தான் உட்கார வைக்க வேண்டும்.