94-ஆம் இடத்துக்கு என் ஓட்டு

1986-இல் மூன்று ஆல்பங்கள் வந்தன. மே மாதம் ரன்-டி.எம்.சி.யின் 'ரைசிங் ஹெல்', அக்டோபரில் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்', நவம்பரில் பீஸ்டி பாய்ஸின் 'லைசென்ஸ்டு டு இல்'. ஒன்று ராப், ஒன்று மெட்டல், மூன்றாவது ராக் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடிய ராப். மூன்றுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள், ரிக் ரூபின். அப்போது வயது 23. அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இவை தொட்ட உச்ச இடங்கள் முறையே 3, 94, 1. என் தரவரிசை அதற்கு நேர் தலைகீழ். ஸ்லேயர் முதலிடம், ரன்-டி.எம்.சி. அடுத்தது, பீஸ்டி பாய்ஸ் கடைசி.

ரூபினுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளை இயக்கத் தெரியாது. வாத்தியமும் பேருக்குத்தான் வாசிப்பார். இதை அவரே சொல்லியிருக்கிறார். மைதானத்தில் இறங்காத பயிற்சியாளர் மாதிரி, யாரை உட்கார வைப்பது என்று முடிவெடுப்பதுதான் அவர் வேலை. டெஃப் ஜாம் நிறுவனத்தை நியூயார்க் பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்து தொடங்கியவர் அவர். ராப்புக்குப் பேர்போன அந்த நிறுவனம் ஸ்லேயர் மாதிரி ஒரு குழுவை ஒப்பந்தம் செய்ததே அன்று பலருக்கு விநோதமாகப் பட்டிருக்கும்.

ஸ்லேயரின் முந்தைய ஆல்பமான 'ஹெல் அவெய்ட்ஸ்' (1985) குகைக்குள் பதிவு செய்தது போல் ஒலிக்கும். ஏழு பாட்டு, பெரும்பாலானவை நீளம், எங்கு பார்த்தாலும் எதிரொலி. 'ரெய்ன் இன் பிளட்'டில் அந்த எதிரொலியைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். பத்துப் பாட்டும் சேர்ந்து 29 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேசட்டில் ஒரே பக்கத்தில் முழு ஆல்பமும் அடங்கிவிட்டதால் மறுபக்கத்திலும் அதையே போட்டு விற்றார்கள்.

எதிரொலியை எடுத்ததை வெறும் ருசி விஷயம் என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பாட்டுகள் நிமிடத்துக்கு 200 துடிப்பைத் தாண்டி ஓடுபவை. அந்த வேகத்தில் ஒரு அடியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழும். எல்லாம் கலந்து கூழாகிவிடும். எதிரொலி போனதும் டிரம்மர் டேவ் லொம்பார்டோவின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணும்படி கேட்கிறது. 'ஏஞ்சல் ஆஃப் டெத்' முடிவை நெருங்கும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். கிட்டார்கள் சட்டென்று விலகுகின்றன. இரண்டு காலும் கிக் டிரம்மில் உருட்டுவது மட்டும் சில நொடிகள் ஓடுகிறது. பிறகு மொத்தக் குழுவும் ஒரே அடியில் உள்ளே வருகிறது. பழைய ஆல்பத்தின் ஒலியில் இதே உருட்டல் வந்திருந்தால் இடி உறுமுகிறது என்று நினைத்திருப்போம்.

அந்தப் பாட்டின் பொருள் நாஜி மருத்துவன் மெங்கலேயின் கொடுமைகள். டெஃப் ஜாமின் தட்டுகளை விநியோகித்துவந்த கொலம்பியா நிறுவனம் இந்த ஆல்பத்தை விநியோகிக்க மறுத்ததற்கு இதுவும் அட்டைப்படமும் காரணம். கடைசியில் கெஃபன் நிறுவனம் வழியாகத்தான் வெளிவந்தது. கொடுமைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, வெளிப்படையாகக் கண்டிக்காமல் நகரும் பாட்டு அது. கேட்டு ஒருவர் முகம் சுளித்தால் அதில் தப்பில்லை. எனக்கும் அந்த நெருடல் இன்னும் உண்டு. ஆனால் நான் மதிப்பெண் போடுவது ஆட்டத்துக்கு.

'ரைசிங் ஹெல்' என்றதும் எல்லோரும் 'வாக் திஸ் வே'யைச் சொல்வார்கள். ஏரோஸ்மித்தின் 1975 பாட்டு. ரன்னும் டி.எம்.சி.யும் அதன் தொடக்க டிரம் அடியை மட்டும் சுழலவிட்டு அதன்மேல் ராப் செய்து பழகியவர்கள். முழுப் பாட்டையும் பாட வைத்தது ரூபினின் யோசனை. ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலரும் ஜோ பெரியும் வந்து சேர, அது பில்போர்டு பாடல் பட்டியலில் 4-ஆம் இடம் போனது. நல்ல பாட்டுதான், ஆனால் ஆல்பத்தின் சிறந்த ஆட்டம் முதல் பாட்டான 'பீட்டர் பைப்பர்'. கிட்டார் கிடையாது. பாப் ஜேம்ஸின் பழைய தட்டிலிருந்து எடுத்த மணியோசை, டிரம், குழுவின் டிஜே ஜாம் மாஸ்டர் ஜேயின் விரல், ஒருவர் விட்ட வாக்கியத்தை மற்றவர் பிடிக்கும் இரண்டு குரல்கள். வேறு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாம் பக்கத்தில் 'டம்ப் கேர்ல்' வரும்போது வேகம் தளர்கிறது. அதனால்தான் இரண்டாம் இடம்.

பீஸ்டி பாய்ஸின் ஆல்பம்தான் பில்போர்டில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம். சரித்திரம் சரி, காதுக்கு? கல்லூரி விடுதிக் கும்மாளம் அரை மணி நேரம் சிரிப்பு மூட்டும். இது 44 நிமிடம். பெண்களைக் கேவலமாகப் பேசும் வரிகளுக்காகப் பின்னாளில் அவர்களே வருந்தினார்கள். ஆனால் முதல் பாட்டு 'ரைமின் அண்ட் ஸ்டீலின்' இன்னும் அசத்துகிறது. லெட் செப்பலினின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டில் ஜான் பான்ஹாம் வாசித்த டிரம் அது. ஒரு பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில் பதிவானது, எதிரொலி நிரம்பி வழியும். ஸ்லேயரிடம் எதை ஒழித்தாரோ அதையே ரூபின் இங்கே நடுவில் உட்கார வைக்கிறார். மெதுவான தாளம், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எதிரொலி உலாவ இடம் இருக்கிறது. வேகத்தைப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார் என்பது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் விளங்கும். 'நோ ஸ்லீப் டில் புரூக்ளின்' பாட்டில் கிட்டார் தனி வாசிப்பு ஸ்லேயரின் கெர்ரி கிங்குடையது என்பது கொசுறு.

இவ்வளவு கூர்மையான காது 2008-இல் எங்கே போனது? மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்'கைத் தயாரித்தவரும் இதே ரூபின்தான். அதிலும் பத்துப் பாட்டு, நீளமோ 74 நிமிடத்துக்கு மேல். மெல்லிய ஒலி, உரத்த ஒலி என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாவற்றையும் உச்சத்துக்கு இழுத்துவிட்டதால் டிரம் அடிகள் உடைந்து கரகரக்கின்றன. 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் வந்த பதிப்பு இதைவிடத் தெளிவாக இருந்ததைக் கண்டு, ஆல்பத்தை மறுபடி கலவை செய்யச் சொல்லி ரசிகர்கள் மனுப் போட்டார்கள். என்னைக் கேட்டால் 'தி அன்ஃபர்கிவன் 3'-ஐயும், பத்து நிமிடத்தைத் தொடும் வாத்திய இசையான 'சூயிசைடு அண்ட் ரிடெம்ப்ஷன்'-ஐயும் முதல் நாளே வெளியே அனுப்பியிருப்பேன். மிச்சம் சுமார் 57 நிமிடம் நிற்கும். இதே குழு 1986-இல் கொடுத்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கிட்டத்தட்ட 55 நிமிடம்தான்.