முன்கூட்டியே குத்திய துளைகள்

தோல் வேலை பழக வருகிறவர் கையில் இன்று முதலில் வைக்கப்படுவது பெரும்பாலும் ஒரு கார்டு பர்ஸ். நாலைந்து அட்டைகள் கொள்ளும் சின்ன உறை. இரண்டு மூன்று துண்டுத் தோல், இரண்டு ஊசி, மெழுகு பூசிய நூல், அரை நாள் வேலை. கிட்டாக வாங்கினால் தோல் வெட்டியே வந்துவிடும். தையல் துளைகளும் குத்தியிருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பர்ஸைத் தைத்து முடித்த மாலையில் அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தோலைப் பற்றி அந்த மாலையில் நான் ஏதும் கற்றிருக்கவில்லை என்பது புரிய ஓராண்டு ஆயிற்று.

கிட்டுக்கு ஒரு கண்ணியமான வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்கப் படைவீரர்களுக்கு மருத்துவமனைகளில் கைத்தொழிலாகத் தோல் வேலை கற்றுக்கொடுத்தார்கள். 1919இல் டெக்ஸஸில் செருப்புத் தோல் வணிகமாகத் தொடங்கிய டேண்டி குடும்பத்தின் நிறுவனம், போருக்குப் பிறகு இந்தத் தேவையைப் பின்பற்றிப் பொழுதுபோக்குத் தோல் வேலையின் பெருங்கடையாக வளர்ந்தது. படுக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சிறு பொருளொன்றைத் தம் கையால் முடித்துவிட வேண்டும் என்றால், வெட்டிக் குத்திய தோல்தான் அதற்குச் சரியான வழி. தேறிவரும் கைக்குத் தைரியம் வேண்டும், அதை அது தந்தது. தொழில் பழகுகிறவருக்கும் அதுவே போதும் என்று நாம் நினைத்துக்கொண்டதில்தான் குறை இருக்கிறது.

இந்த முதல் பாடத்தின் பெரிய பலம் சேணத் தையல். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தும் முறை இது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து வரும் நூல் அங்கே பிடித்துக்கொள்ளும். நாலு மில்லிமீட்டர் இடைவெளியில் முப்பது துளை தைத்தால் போதும், எந்த ஊசி முதலில் போக வேண்டும், நூலை எந்தப் பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். சின்னப் பொருளில் கெட்டுப்போனாலும் இழப்பு உள்ளங்கையளவுத் தோல்தான். கற்பிக்கும் முறையாக இதைவிடச் சிக்கனமானது எனக்குத் தெரியாது.

ஆனால் தையல் என்பது வேலையின் கடைசிப் படிகளில் ஒன்று. தோல் வேலை தொடங்குவது கத்தி வைப்பதற்கு முன்பே. ஒரு முழுத் தோலில் முதுகுப் பகுதி இறுக்கமானது, எளிதில் நீளாது. வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் நெகிழும். கழுத்தில் சுருக்கக் கோடுகள் ஓடும். மாட்டைப் பூச்சி கடித்த வடுவோ முள் கீறிய தழும்போ எந்த மூலையிலும் இருக்கலாம். இவற்றைப் பார்த்து எந்தத் துண்டை எதற்கு எடுப்பது என்று முடிவுசெய்வதுதான் இந்தத் தொழிலின் பாதி அறிவு. கிட்டை அனுப்புகிறவர் அந்த முடிவுகள் அனைத்தையும் நமக்காக எடுத்துவிடுகிறார். துளையைக்கூட அவரே குத்திவிட்டால் நம் தவறுக்கு இடம் எங்கே?

சென்னை பெரியமேட்டில் முதன்முதலாகத் தோல் வாங்கப் போனபோது இதை உணர்ந்தேன். நிறம் பார்த்து வாங்கினேன். வேறெதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. வங்கி அட்டையின் அகலம் 85.6 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் சேர்க்காமல் வெட்டினேன். தையல் ஓரத்துக்கு இருபுறமும் நாலு மில்லிமீட்டர், தோலின் கனத்துக்கும் அட்டை நகர்வதற்கும் இன்னும் சில மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் நூறை ஒட்டி வர வேண்டும். தைத்து முடித்த பர்ஸில் அட்டை நுழையவேயில்லை. அடுத்ததைத் தாராளமாக வெட்டினேன். அது வயிற்றுப் பகுதி. இரண்டே மாதத்தில் நெகிழ்ந்து, அட்டைகள் தாமாக நழுவி விழத் தொடங்கின. இந்த இரண்டு பிழைகளும் கற்றுக்கொடுத்ததை என் முதல் கிட் சொல்லித்தரவில்லை.

இன்னொரு சிக்கல், பாடமும் பொருளும் பொருந்தாமல் போவது. வெளிநாட்டு நூல்களும் காணொளிகளும் ஓரத்தை ஈரமாக்கி, மரக்கட்டையால் தேய்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றச் சொல்கின்றன. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலுக்குத்தான் அது பலிக்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் துண்டுத் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டது. அதை எவ்வளவு தேய்த்தாலும் ஓரம் பஞ்சாகத்தான் நிற்கும். தொடக்கக்காரர் தம் கையைக் குறை சொல்லிக்கொண்டு விட்டுவிடுவார். கையில் பிழையில்லை, தோல் வேறு. இத்தனைக்கும் பட்டைப் பதனீடு நமக்கு அந்நியமானதல்ல. ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காய் சேர்த்துச் செய்த தோல்தான் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் இங்கிருந்து கப்பலேறியது. திண்டுக்கல்லும் திருச்சியும் ஈரோடும் அதற்குப் பெயர்போனவை. குரோமியம் வந்த கதை குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. தம் கையிலிருப்பது எந்த வகை என்று கேட்கக்கூட முதல் பாடம் பழக்குவதில்லை. இதை நான் சின்னக் குறையாக எண்ணவில்லை.

இன்னும் ஒன்று என்னை உறுத்துகிறது. பயிலரங்கில் சேணத் தையலைப் புகழும்போது, இயந்திரத் தையல் பலவீனமானது என்று தவறாமல் சொல்வார்கள். தெருமுனையில் செருப்புத் தைப்பவரின் கொக்கி ஊசியைக் கவனித்திருக்கிறீர்களா? ஊசியைக் குத்தி, அடிநூலை வளையமாக மேலே இழுத்து, மேல்நூலை அதற்குள் நுழைத்து இறுக்குவார். அமைப்பில் அது இயந்திரத் தையலுக்கே நெருக்கமானது. ஆனாலும் தடித்த நூலும் கை இறுக்கமும் சேர்ந்து ஓர் உடம்பின் முழுப் பாரத்தையும் அது தாங்குகிறது. எந்தத் தையல் உயர்ந்தது என்பதற்குப் பொருளின் வேலையைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும். அவரிடம் போய்க் கேட்க யாரும் சொல்லித்தருவதில்லை. அருந்ததியர் உள்ளிட்ட சமூகங்கள் மீது இழிவாகச் சுமத்தப்பட்ட அதே வேலை, பயிலரங்க மேசைக்கு வரும்போது ‘கைவினை’ என்று பெருமை பெறுகிறது. பெருமை வரட்டும். ஆனால் தலைமுறைகளாக அந்த அறிவைக் காத்தவர்களை ஆசிரியராக அமர்த்தாத பெருமையை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் கார்டு பர்ஸை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். முதல் நாளில் ஒரு முழுத் தோலை விரித்து, முதுகில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டச் சொல்கிறேன். துளையை அவர்களே குத்தி, ஒவ்வொன்றையும் மடித்து ஒரு வளையம் தைக்கிறார்கள். தையல் கோணலாகத்தான் வரும். பிறகு இரண்டிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மறுநாள் காலையில் அளவுகோலை எடுத்துக்கொண்டு அவர்கள் முதலில் போய் நிற்பது அந்த இரண்டு பட்டைகளின் முன்னால்தான்.